கோடு போட்ட கண்ணாடி

"இது கண்ணாடியா, ரூல் போட்ட நோட்டா?"

மேனேஜர் கேட்டார். துப்புரவு வேலை பார்க்கும் அம்மா வாளியைக் கீழே வைத்தார்.

மீட்டிங் ஹாலின் பெரிய கண்ணாடிச் சுவர் முழுக்க, வெளிப்பக்கம் மேலிருந்து கீழ்வரை வெள்ளை வெள்ளையாகச் சோப்புக் கோடுகள். ஒரு மாதமாக இதே கதை. சொல்லிச் சொல்லி மேனேஜருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். நாளைக்கு டைரக்டர் வேறு வருகிறார்.

"துடைக்கச் சொன்னா துடைக்கவே மாட்டீங்களாம்மா?"

"துடைச்சிட்டுத்தான் சார் கோடு போட்டேன்."

"என்னது, நீங்களே போட்டீங்களா?"

"ஆமா சார். வெளியில மரம் இருக்குல்ல, அது கண்ணாடியில..."

"மரமா? எந்த மரம்?"

அந்த அம்மா அவரை ஒரு மாதிரி பார்த்தார். ஆறு வருஷமாக இதே ஹாலில் உட்கார்ந்து மீட்டிங் நடத்துகிற மனுஷர்.

"அதில்ல சார், அதுங்க பாவம்..."

"கதை வேண்டாம்மா. இப்ப துடைக்கிறீங்களா, இல்லையா?"

"மாட்டேன் சார்."

குரல் உயரவில்லை. ஆனால் இறங்கி வருகிற குரலும் இல்லை.

"அப்ப நாளைக்குக் காலையில சாவியைக் குடுத்துட்டுக் கிளம்புங்க. வேற ஆள் பார்த்துக்கறேன்."

"சரி சார்."

பிடிவாதத்தில் மேனேஜர் மட்டும் யாருக்கு இளைத்தவர்? சாயங்காலம் தானே களத்தில் இறங்கிவிட்டார். வாளி, துணி, ஸ்டூல் எல்லாவற்றையும் வெளியே தூக்கிவந்தார். டை நனைந்துவிடுமே என்று கழற்றி, பக்கத்தில் நீண்டிருந்த கிளையில் மாட்டினார். அப்போதாவது மரத்தைப் பார்த்தாரா என்றால், இல்லை.

ஒரு மணி நேரம் தேய்த்ததில் தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது. கண்ணாடி பளபளவென்று ஆனது. மரம் முழுசாக அதில் தெரிந்தது. அவர் அதற்கு நடுவே தெரிந்த தன் முகத்தைப் பார்த்துத் தலை சீவிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் ஏழு மணிக்கே வந்துவிட்டார். தன் கைவேலையைக் காலை வெளிச்சத்தில் பார்க்க அவ்வளவு ஆசை.

அந்த அம்மா அவருக்கு முன்பே வந்து கண்ணாடிக்கு வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் குப்பை முறம்.

"சாவி குடுக்கத்தானே வரச் சொன்னேன். இங்க என்ன பண்றீங்க?"

அந்த அம்மா முறத்தை நீட்டினார்.

மூன்று சின்னப் பறவைகள். கழுத்து துவண்டு கிடந்தன. ஒன்றின் மஞ்சள் வயிற்றில் மேனேஜர் விரலை வைத்தார். இன்னும் சூடு ஆறவில்லை.

"கண்ணாடியில தெரியற மரத்தை நிஜ மரம்னு நெனச்சு நேரா வந்து மோதிடுதுங்க சார். நீங்கள்லாம் வர்றதுக்குள்ள நான் எடுத்துப் புதைச்சிடுவேன். கோடு போட்ட இந்த ஒரு மாசமா ஒண்ணுகூட விழல."

"அதுக்கு முன்னாடி?"

"ஆறு வருஷமா எடுக்கறேன் சார்."

மேனேஜர் முதல் தடவையாக அண்ணாந்து பார்த்தார். பெரிய மரம்தான். தாழ்ந்த கிளையில் அவருடைய டை ஆடிக்கொண்டிருந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது.

"சோப்பு எங்கம்மா இருக்கு?"

இருவரும் ஆளுக்கு ஒரு பக்கமாகக் கோடு போடத் தொடங்கினார்கள். பாதியில் அந்த அம்மா சாவியை நீட்டியபோது, "அது உங்ககிட்டயே இருக்கட்டும்," என்றார் மேனேஜர்.

பத்து மணிக்கு டைரக்டர் வந்தார். ஹாலுக்குள் நுழைந்ததுமே முகம் சுளித்தார்.

"யார் பண்ணின வேலை இது?"

"நான்தான் சார்."

"அசிங்கமா இருக்கு. உடனே துடைங்க."

"மாட்டேன் சார். வெளியில மரம் இருக்கு..."

"மரமா? எந்த மரம்?" என்றார் டைரக்டர், அதற்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டு.