அத்தை பிடித்த மெத்தை

"அப்பா, இன்னிக்கு மெத்தையை நீங்க பிடிக்க வேண்டாம். அத்தை பிடிக்கட்டும்."

மகள் இதைச் சொன்னபோது அவளுடைய பயிற்சியாளருமான அப்பா அவள் கணுக்காலில் டேப் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றிய கை அப்படியே நின்றுவிட்டது.

"என்னம்மா விளையாடுறியா? உலகப் போட்டி, அதுவும் ஃபைனல். இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கு."

"அதனாலதான் சொல்றேன்."

காரணம் அவருக்குத் தெரியாதா என்ன! டிராம்போலினில் பத்துத் தாவல்கள். ஒவ்வொன்றும் இரண்டு மாடி உயரத்துக்கு. குதிப்பவள் வலையின் ஓரத்துக்குப் போய்விட்டால், அடிபடாமல் இருக்க, பக்கத்தில் நிற்பவர் ஒரு மெத்தையை உள்ளே தள்ள வேண்டும். கால் மெத்தையில் பட்டால் ஆட்டம் அத்தோடு சரி. அதுவரை குதித்ததற்குத்தான் மதிப்பெண்.

போன இரண்டு போட்டிகளிலும், மகள் கொஞ்சம் நகர்ந்தவுடனேயே இவர் பதறிப்போய் மெத்தையைத் தள்ளிவிட்டார். இரண்டு தடவையும் அவள் வலையில்தான் இறங்கியிருப்பாள் என்பது வீடியோவில் அப்பட்டமாகத் தெரிந்தது. இரண்டு தடவையும் கடைசி இடம்.

"பெத்த மனசு கேக்கலைம்மா. நான் என்ன செய்ய?"

"உங்க மேல கோபமே இல்லப்பா. ஆனா இன்னிக்கும் தள்ளினீங்கன்னா அடுத்த வருஷம் டீம்ல எனக்கு இடமில்ல. சொல்லிட்டாங்க."

அவர் டேப்பைச் சுற்றி முடித்தார். மெத்தையைத் தூக்கி அக்காவின் கையில் கொடுத்தார்.

அக்காதான் அணியின் உதவிப் பயிற்சியாளர். ஒரு காலத்தில் அவரும் குதித்தவர். ஓயாமல் பேசுவார், எல்லாருக்கும் யோசனை சொல்வார். ஆனால் மருமகள் போட்டியில் ஏறும் நேரம் பார்த்து மட்டும் காபி குடிக்கப் போய்விடுவார்.

"ஐயையோ, ஆளை விடுடி! எனக்கு இப்பத்தான் காபி குடிக்கணும்போல இருக்கு."

"வந்து குடிக்கலாம் அத்தை. பயிற்சியில எத்தனை நாள் பிடிச்சிருக்கீங்க! சும்மா நின்னா போதும். மத்த மூணு பக்கமும் ஆளுங்க இருப்பாங்க. ஆனா வாயைத் திறக்கக் கூடாது. பேசினா மார்க் போயிடும்."

"அது அதைவிடக் கஷ்டமாச்சே!"

ஒருவழியாக ஒத்துக்கொண்டார்.

பயிற்சியாளர் பார்வையாளர் வரிசையில் போய் உட்கார்ந்தார். அங்கிருந்து அக்காவின் முதுகுதான் தெரிந்தது. பக்கத்தில் இருந்த அணி டாக்டரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

மகள் ஏறினாள். ஒன்று, இரண்டு, மூன்று... எல்லாம் வலையின் நடுவிலேயே. ஆறு வரை பழுதில்லை.

ஏழாவதில் சறுக்கியது. மேலே சுழலும்போதே ஓரம் நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள், அதுவும் அத்தை நின்ற பக்கமாக.

"தள்ளு அக்கா... தள்ளிடு!" என்று முனகினார் பயிற்சியாளர்.

அக்காவின் முதுகு அசையவில்லை.

மகளின் பாதங்கள் வலையின் விளிம்புக்கு ஒரு சாண் உள்ளே இறங்கின. அடுத்த தாவலில் நடுவுக்கு வந்துவிட்டாள். ஒன்பது. பத்து. இறங்கி, ஆடாமல் அசையாமல் நிமிர்ந்து நின்றாள். அரங்கமே எழுந்து கைதட்டியது.

"சார், என் கையை விட்டா நானும் தட்டுவேன்" என்றார் டாக்டர்.

மூன்றாம் இடம். வெண்கலம்!

பயிற்சியாளர் ஓடி வந்து அக்காவைக் கட்டிக்கொண்டார். கண்ணில் தண்ணீர். "என்ன நெஞ்சழுத்தம் அக்கா உனக்கு! கல்லு மாதிரி நின்னியே! நானா இருந்திருந்தா ஏழாவதுலயே கெடுத்திருப்பேன்."

"சரி சரி, விடுடா. எல்லாரும் பாக்கிறாங்க."

பயிற்சியாளர் எல்லாருக்கும் காபி வாங்கப் போனார். உடை மாற்றும் அறையில் மருமகளும் அத்தையும் மட்டும் இருந்தார்கள். கழுத்தில் கிடந்த பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள் அவள். அத்தைக்குத்தான் முகம் சரியில்லை.

"ஏண்டி, ஒண்ணு சொல்றேன். உங்கப்பன்கிட்ட மூச்சு விடக் கூடாது."

"சொல்லுங்க அத்தை."

"அவன் என்னமோ நெஞ்சழுத்தம்ங்கிறான். ஏழாவதுல நீ எங்கே போனேன்னே எனக்குத் தெரியாது. நீ மேலே கிளம்பினதுமே பயத்துல கண்ணை இறுக்கி மூடிட்டேன். கைதட்டல் கேட்டுத்தான் திறந்தேன்."

மருமகள் அத்தையின் கன்னத்தைச் செல்லமாகக் கிள்ளினாள்.

"மேலேயிருந்து பாத்தா எல்லாம் தெரியும் அத்தை. பயிற்சியிலயும் தினம் கண்ணை மூடிக்கிட்டுதானே நிக்கிறீங்க? அதனாலதான் உங்களைக் கூப்பிட்டேன்!"