இருமல் மருந்து

"குடோன்ல ஸ்டாக் எடுக்கற வேலை. வர ரெண்டு மூணு நாளாகும், அங்கே சிக்னலும் கிடைக்காது" என்றான் லாரி டிரைவர், சட்டைப் பொத்தானையே பார்த்தபடி.

நர்ஸ் மனைவி இருமல் மருந்தை அவன் பையில் திணித்தாள். "மறக்காம குடிங்க. நானும் லீவு போட்டுட்டு எங்கக்கா வீட்டுக்குப் போறேன்."

"தாராளமா போயிட்டு வா!" உற்சாகம் கொஞ்சம் தூக்கலாகவே வந்துவிட்டது அவனுக்கு.

மறுநாள் காலை அவன் லாரி வெள்ளைக் கொடியோடு, போர் நடக்கும் ஊரின் செக்போஸ்ட்டில் நின்றது. லாரிக்குள்ளே, முற்றுகையில் சிக்கிய குழந்தைகளுக்கான பால் பவுடர். பின்னால் நிவாரணக் குழுவின் ஆம்புலன்ஸ். வாக்கிடாக்கியில் யாரும் பெயர் சொல்லக்கூடாது, வண்டியைத்தான் சொல்ல வேண்டும் என்பது குழுவின் கட்டுப்பாடு.

"லாரி ரெடி" என்று சொல்லிவிட்டு லொக்கு லொக்கென்று இருமினான்.

கரகரப்புக்கு நடுவே ஆம்புலன்ஸிலிருந்து ஒரு குரல்: "மருந்தைக் குடிக்கலையா நீங்க?"

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அடியே! உங்கக்கா வீடு இந்தப் பக்கமா?"

"ஆமா, உங்க குடோனுக்கு அடுத்த வீடுதான். தடுப்பைத் தூக்கிட்டாங்க பாருங்க, வண்டியை எடுங்க!"