ஜகார்த்தாவில்தான் இருக்கிறேன்

"ஆபீஸ்லதான் இருக்கேன், அமக். இப்பதான் பயிற்சியில சாப்பாட்டுக்கு விட்டாங்க."

ரஹ்மி தன் அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவள் இருந்தது ஆபீஸில் இல்லை. பாலித் தீவின் பாடாங்பாய் துறைமுகத்தில், லொம்போக் தீவுக்குப் புறப்படத் தயாராக நின்ற கப்பலின் மேல்தளத்தில் இருந்தாள்.

அறுந்துபோன முதுகுப்பை வாரைத் தைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் அதில் இருந்ததால் போன் ஸ்பீக்கரில் அலறியது.

பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த சுஹைலாவுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. ரஹ்மிக்கு மேற்கு சுமத்ரா. சுஹைலாவுக்கு மலேசியாவில் செரம்பான். நடுவில் கடல் கிடந்தாலும் பேச்சு கிட்டத்தட்ட ஒன்றுதான். பத்து நாளைக்கு முன்னால் ஜாவாத் தீவின் யோக்யா நகரத்தில் ஒரு விடுதியில் மேல்கட்டில், கீழ்கட்டிலாகப் பழக்கமானவர்கள். எரிமலை ஏறி, ரயில் பிடித்து, அன்றிலிருந்து ஒன்றாகவே சுற்றுகிறார்கள்.

"சாப்பிட்டியா?"

"மணி பன்னெண்டுதானே ஆகுது, இனிமேதான்."

பாலியில் மணி ஒன்று. சுமத்ராவிலும் ஜகார்த்தாவிலும் பன்னிரண்டு. அதைக்கூட மறக்காமல் பொய் சொல்கிறாளே என்று சுஹைலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்துக் கப்பல் ஊதியது.

"என்ன சத்தம் அது?" போனை அப்பா பிடுங்கியிருந்தார்.

"லாரி, அபக்."

"லாரியா? கப்பல் மாதிரி இருக்கு!"

பின்னாலிருந்து அம்மாவின் குரல் சீறியது. "ஜகார்த்தான்னா லாரி ஓடாதா? பெத்த பொண்ணைச் சந்தேகப்பட்டே உங்க ஆயுசு போகுது! வைங்க போனை!"

போன் அடங்கியது.

"வெட்கமா இல்லையாடி உனக்கு?" என்றாள் சுஹைலா.

"எதுக்கு?"

"அப்பாகிட்ட பொய் சொல்லு, நான் கேட்கல. ஆனா அந்த அம்மா உன்னை நம்பி, உனக்காகப் புருஷன்கிட்ட மல்லுக்கு நிக்கறாங்க. அவங்களையுமா ஏமாத்துவே?"

ரஹ்மி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"என் அம்மாவை நான் பார்த்துக்கறேன். நீ வக்காலத்து வாங்க வேணாம்."

"திமிரு!"

"ஆமா, திமிருதான். என் அண்ணனுங்க ரெண்டு பேரும் பதினெட்டு வயசுல பையைத் தூக்கினாங்க. ஊர் உலகம் பார்த்துட்டு வாங்கடான்னு அபக் விருந்து வெச்சு அனுப்பினார். எனக்கு இருபத்தாறு. நான் கேட்டப்போ, பொம்பளைப் பிள்ளைக்கு வீடுதான் உலகம்னுட்டார். உத்தரவுக்காகக் காத்திருந்தா வாசப்படியிலேயே கிழவியாயிடுவேன். போவேன். திரும்பி வருவேன். மறுபடியும் போவேன். யார்கிட்டயும் மன்னிப்புக் கேட்க மாட்டேன்."

சுஹைலா நீட்டிய காலை மடக்கிக்கொண்டு, கடலைப் பார்த்துப் பேசினாள்.

"என் அம்மாகிட்ட நான் கடைசியாப் பேசினதும் பொய்தான்டி. பஸ் ஏறிட்டேன், வந்துட்டே இருக்கேன்னேன். ஏறல. சிநேகிதிங்களோட சினிமாவுல இருந்தேன். மறுநாள் போய் இறங்கினப்போ அம்மா இல்லை."

ரஹ்மி என்னவோ சொல்ல வந்தாள். ஆனால் சட்டென்று எழுந்து, "டீ வாங்கிட்டு வரேன்" என்று கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போனாள்.

கப்பல் நகர்ந்தது. கரை மெல்ல விலகியது.

ரஹ்மி விட்டுப்போன போன் பையின் மேல் கிடந்து துடித்தது. வீடியோ அழைப்பு. 'அமக்' என்றது திரை.

சுஹைலா படிக்கட்டைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். எடுத்துவிட்டாள்.

"அமக், நான் ரஹ்மியோட சிநேகிதி. என்னை மன்னிச்சிடுங்க. உங்க பொண்ணு ஜகார்த்தாவுல இல்லை. பயிற்சியும் இல்லை, ஆபீஸும் இல்லை. இத்தனை நாளா உங்களை ஏமாத்திட்டிருக்கா."

ஒரே மூச்சில் கொட்டிவிட்டு, அந்தப் பக்கம் அழுகை வரப்போகிறது என்று காத்திருந்தாள்.

திரையில் துணி காயும் கொடி தெரிந்தது. அதன் மறைவில் முக்காடு போட்ட ஒரு முகம்.

"மெதுவாப் பேசும்மா, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்" என்றது அந்த முகம். "நீதானே செரம்பான் சுஹைலா? எரிமலையில வழுக்கி விழுந்தியாமே, முட்டி ஆறிடுச்சா?"

சுஹைலாவின் கை தானாக முட்டியைத் தொட்டது.

"உன்கிட்டகூடச் சொல்லலையா அவ? யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தேன், காப்பாத்திட்டா. ஜகார்த்தாவுல பயிற்சிங்கற பொய்யே நான் கட்டினதும்மா. எந்தெந்த நேரத்துல என்னென்ன சொல்லணும்னு நான்தான் ஒத்திகை பார்த்து அனுப்பினேன்."

"நீங்களா?"

"நானேதான். எனக்கு அம்பத்தி மூணு வயசு. எங்க ஊர்ச் சந்தையைத் தாண்டினது கிடையாது. வீட்டைவிட்டுக் கிளம்ப எனக்கு ஒரு பொய்கூட யாரும் சொல்லித் தரல. என் பொண்ணுக்கு நான் சொல்லித் தந்தேன். தப்புன்னா தப்பாவே இருந்துட்டுப் போகட்டும்!"

படிக்கட்டில், கையில் இரண்டு டீயோடு, ரஹ்மி நின்றுகொண்டிருந்தாள்.

"சரி, சரி, நேரத்தை வீணாக்காதே. அவர் தொழுகைக்குப் போயிருக்கார். வர அரை மணி ஆகும். போனைத் திருப்பு, கடலைக் காட்டு."

சுஹைலா திருப்பினாள். கப்பலுக்குப் பின்னால் தண்ணீர் நுரைத்து விரிந்தது. பாலி சின்னதாகிக்கொண்டே போனது.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குக் கிளம்பும் சிறுமி மாதிரி அந்தக் குரல் கேட்டது:

"நாளைக்கு நாம எந்தத் தீவுக்குப் போறோம்?"