நீருக்குமேல் நிற்கும் கை

நீருக்குமேல் இறைவனின் ஆவி என்ன செய்தது என்பதைக் கையால் எப்படிக் காட்டுவது? நாளை காது கேளாதோர் சபை வேதாகமத்தின் படைப்புக் கதையை முதன்முறையாகத் தன் சைகைமொழியில் பார்க்கப்போகிறது. படப்பிடிப்போ இரண்டாம் வசனத்திலேயே நின்றுவிட்டது. மொழிபெயர்ப்பாளர் எப்சிபா இடக்கையை நீராக விரித்து, வலக்கையை அதன்மேல் வீசிக் காட்டினாள்.

அந்தச் சபையின் ரோஸ்பெல், மடியில் தூங்கும் குழந்தையோடு, சைகையில் கேட்டாள்: "ஆண்டவர் படகேறிப் போயிட்டாராக்கா?"

போதகர் ஞானாபரணம் எபிரேய மூலத்தைப் புரட்டினார். "இதே சொல்லு, குஞ்சுங்களுக்கு மேல சிறகடிக்கிற பறவைக்கும் வருதும்மா. அது எங்கயும் போகாது, அங்கேயே நிக்கும்."

எப்சிபா இரு கைகளையும் சிறகுபோல் அடித்துக் காட்டினாள்.

"காக்கா!" என்று காட்டிச் சிரித்த ரோஸ்பெல் குழந்தையைக் குனிந்து பார்த்தாள். மூச்சுச் சத்தம் அவளுக்குக் கேட்காது. வழக்கம்போல் உள்ளங்கையை அதன் மூக்குக்குச் சற்று மேலே பிடித்தாள். இளஞ்சூடு பட்டதும் விரல்கள் மெல்லத் துடித்தன, முகம் மலர்ந்தது.

"கையை எடுக்காதம்மா!" என்று கத்திய போதகர், யாரிடம் கத்துகிறோம் என்று உறைத்ததும் தானே சிரித்துவிட்டார்.

ரோஸ்பெல்லே கேமராமுன் வந்தாள். இடக்கை நீர். வலக்கை அதற்கு ஒரு விரற்கடை மேலே நிற்கும்; தொடாது, நகராது, விரல்கள் மட்டும் துடிக்கும்.