ரஷ்யா நாய்க்கு ஒரு பாரணை

“பட்டினி கிடக்கிறதுக்கும் ஒரு லட்சணம் வேண்டாமா? ரஷ்யாக்காரன் நாய்க்காக ஸ்ரீரங்கத்தில் உபவாசமா?”

சௌரிராஜன் தலையில் அடித்துக்கொண்டார். தப்பு அவர்மேல்தான்.

ஏகாதசி முழுக்கப் பச்சைத் தண்ணீரோடு ஓட்டிவிட்டு, துவாதசிப் பாரணைக்கு அகத்திக்கீரையும் நெல்லிக்காயுமாகச் சமைத்து முடித்திருந்தாள் அவர் மனைவி வைஜயந்தி. விரதம் முடிந்து அவள் வாயில் ஒரு கவளம் போகிறவரை மனுஷர் பொறுத்திருக்கலாம். பொறுத்தால் அவர் ‘ஸ்புட்னிக் சௌரி’ இல்லையே! தெருவே வைத்த பேர் அது. எதிர்வீட்டு ரேடியோவில் கேட்ட சேதி நாக்கு நுனியில் துள்ளியது.

“வைஜி! ரஷ்யாக்காரன் இரண்டாவது ஸ்புட்னிக்கும் விட்டுட்டான். இந்தத் தடவை உள்ளே உசிரோட ஒரு நாய்! பெட்டை நாய்! இப்போ பூமியைச் சுத்திண்டிருக்கு.”

“தடி தடியா ஆம்பளைகள்ளாம் கீழே நின்னுண்டு, ஒரு பெட்டை நாயை ஏத்தி விட்டாளா?”

“இது சயின்ஸுடி.”

“எப்போ இறங்கும்?”

“அதைச் சொல்லலை.”

“அது இறங்கட்டும். அப்புறம் நான் பாரணை பண்ணிக்கறேன்.” போட்ட இலையை எடுத்துச் சுருட்டிவிட்டாள்.

“துவாதசியில பாரணை பண்ணாட்டா பாவம்னு நீதானே சொல்லுவே?”

“அந்த நாய்தான் பாவம்.”

சௌரிராஜனுக்குக் கோபம் வந்துவிட்டது. “கொல்லையில சொறிநாய் எட்டிப் பார்த்தா, மடி போச்சுன்னு விளக்குமாத்தை ஓங்கறே. ரஷ்யா நாய்க்கு மட்டும் இந்த உருக்கமா?”

“இது ஓடிப் போயிடும். அதுக்கு ஓட இடம் இருக்கா?”

சௌரிராஜன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

“இறங்கினாலும் அங்கே குளிராதோ?” என்றாள் வைஜயந்தி.

“குளிரா! இந்த மாசத்துல ஊரெல்லாம் பனிக்கட்டி. மண்ணையே கண்ணால பார்க்க முடியாது. அந்த ஊர் நாய்க்கு அதெல்லாம் பழக்கம்.”

அவரும் சாப்பிடாமலே கிளம்பினார். அவள் தயிர்சாத டப்பாவைக் கையில் திணித்தாள்.

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் அவர் குமாஸ்தா. ஆதாரம் இல்லாமல் ஒரு வார்த்தை பேசமாட்டார் என்று பேர். ராகு சூரியனை விழுங்குகிறது என்று சொன்ன சாஸ்திரிகளை உட்காரவைத்து, சாத்துக்குடியையும் எலுமிச்சம்பழத்தையும் சுற்றிக் காட்டிக் கிரகணம் விளக்கிய ஆள்.

மத்தியானம் டப்பாவைத் திறந்தபடியே பேப்பரைப் பிரித்தார். நாயைத் திருப்பிக் கொண்டுவர இன்னும் வழி இல்லையாம்.

டப்பாவை மூடிவிட்டார்.

“ஏத்தத் தெரிஞ்சவனுக்கு இறக்கத் தெரியலையாம்ய்யா” என்றார், பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஃபிட்டர் அமிர்தசாமியிடம். வீட்டுச் சங்கதியையும் கொட்டினார்.

“அம்மாகிட்ட என்ன சொல்லப் போறீங்க?”

“உள்ளதைத்தான். சயின்ஸ்ல பொய் சொல்லப்படாது.”

“ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணமே பண்றோம். ஒரு பொய் சொல்லி ஒரு வேளைச் சோறு போடக்கூடாதா சாமி?”

சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது, வைஜயந்தி கிணற்றடியில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது. கயிறு கையிலிருந்து நழுவி வாளி உள்ளே போய் விழுந்தது.

சௌரிராஜன் செருப்போடு கிணற்றடிக்கு ஓடினார்.

“வைஜி! இறங்கிடுத்து!”

“எது?”

“நாய்தான்! பாராசூட்! குடையாட்டம் விரிஞ்சு, மெதுவா ஆடி ஆடி வந்து, நம்ம கொள்ளிடத்து மணல் மாதிரி நல்ல மணல்ல பொத்துனு இறங்கித்தாம். உடம்பை உதறி, மணலைத் தட்டிண்டு, வாலை ஆட்டித்தாம்!”

அவர் காது இரண்டும் சிவந்து போயிருந்தன. அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

“மணல்லயா?”

“அருமையான மணல்!”

“பேப்பர்ல போட்டிருக்கா?”

“கொட்டை எழுத்துல!”

அவர் கையிலிருந்த டப்பாவை வாங்கினாள். ஒரு தரம் கையில் ஏந்திப் பார்த்தாள்.

“ரங்கநாதா, நீதான் காப்பாத்தினே” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, உள்ளே போய் இரண்டு இலை போட்டாள்.

இன்றைக்கு என்னவோ அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். அகத்திக்கீரையைக் கேட்டுக் கேட்டுப் போட்டாள். அவரும் ஒரு பிடி பிடித்தார். ‘பரவாயில்லையே, நமக்கும் பொய் வருதே!’ என்று உள்ளூர ஒரு கர்வம். கூடவே வெட்கமாகவும் இருந்தது.

வழக்கம்போல வானம் பார்க்க மாடிக்குப் போனார். இருட்டப் போகிற நேரம். அண்ணாந்து பார்க்க மனசு வரவில்லை. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து குனிந்தார்.

கீழே கொல்லையில் வைஜயந்தி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே அந்தச் சொறிநாய். நடுவே அவருடைய தயிர்சாத டப்பா. மடியாவது, ஆசாரமாவது!

“ஓடாதே. கையில விளக்குமாறு இல்லை பாரு. சாப்பிடு” என்று நாயிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். “அங்கே போனவ பாவம், திரும்பி வரமாட்டா போலிருக்கு. பனிக்கட்டி ஊர்ல மணல்ல இறங்கித்தாம்! பொய்கூட ஒழுங்காச் சொல்ல வரலை அந்த மனுஷருக்கு.”

நாய் வாலை ஆட்டிக்கொண்டே சாப்பிட்டது.

“டப்பா கட்டினது கட்டினபடி கனமாத் திரும்பி வந்திருக்கு. நான் நம்பலைன்னா, அவரும்னா பட்டினி கிடப்பார்!”