பஸ்ஸில் கிடைத்த கதை

கொழிஞ்சாம்பாறையில் ஏறியதிலிருந்து அந்தப் பெண் போனில் பேசிய பேச்சுக்கு பஸ்ஸில் இருந்தவர்களுக்கெல்லாம் காது கூசியது. முன் சீட்டில் இருந்த ஆறுச்சாமிக்கு மட்டும் காது குளிர்ந்தது.

"எங்க மாமியா பண்ற கூத்தைக் கேளுக்கா. நான் கொழம்பை எறக்கி வெச்சுப்போட்டு அந்தப்பக்கம் திரும்புனாப் போதும். ஓடியாந்து உப்பைப் போட்டுருது."

குடும்ப மானத்தை இப்படியா பஸ்ஸேற்றுவது என்று கண்டக்டர்கூட முகத்தைச் சுளித்தார். ஆறுச்சாமி மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார்.

ஆறுச்சாமிக்குத் தென்னந்தோப்பு உண்டு. ஆனால் யார் கேட்டாலும் எழுத்தாளர் என்றுதான் சொல்வார். அந்தப் பேருக்குத்தான் இப்போது ஆபத்து. அனுப்பிய கதையெல்லாம் திரும்பி வந்துகொண்டிருக்க, பத்திரிகை ஆசிரியர் ஒரு நாள் மதியம் போனில் பிடித்துக்கொண்டார்.

"உங்க கதையில மனுசங்க பேசறதில்ல ஆறுச்சாமி, அறிக்கை விடறாங்க. பஸ்ல போங்க. காதைத் தீட்டிக்கிட்டுக் கேளுங்க. பேரையும் ஊரையும் மாத்திட்டு, கேட்டதைக் கேட்ட மாதிரி எழுதுங்க. தீபாவளி மலர்ல ஒரு பக்கம் விட்டு வெச்சிருக்கேன். அதுவும் தேறலைன்னா, நீங்க பேசாமத் தோப்பைப் பாருங்க."

இத்தனை வருசம் எழுதிய மனுசனிடம் சொல்கிற பேச்சா இது? அன்றைக்குச் சோற்றைப் பாதியில் விட்டு எழுந்து, மனைவி கோமதியிடம் எரிந்து விழுந்தார்.

"நாளையிலிருந்து நான் பஸ்ஸுல போறேன். இந்த ஊட்டுல எழுதறதுக்கு என்ன இருக்குது?"

கோமதி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து வேலை வெட்டி இல்லாமல் பொள்ளாச்சி போய், ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினார். டீக்கு இவ்வளவு தூரமா என்று கண்டக்டர் கேட்டதற்கு, ஆராய்ச்சி என்றார். அதில் கிடைத்ததெல்லாம் தேங்காய் விலையும் மூட்டுவலியும்தான். நல்லவேளையாக இந்தப் பெண் வந்து சேர்ந்தாள். தினமும் அவருக்குப் பின் சீட்டுதான்.

"நானும் போட்டு அவங்களும் போட்டா கரிச்சுப் போகுமில்லக்கா? அதனால நான் உப்புப் போடறதையே உட்டுப்போட்டேன். என்ற ஊட்டுக்காரரு தெனமும் தின்னுப்போட்டு, உப்பு பாங்கா இருக்குதுங்கறாரு. ஆரு போட்ட உப்புன்னே அவருக்குத் தெரியாது."

அடுத்த நாள் கதை இன்னும் சூடு பிடித்தது.

"மாமியா மவ ஊட்டுக்குப் போயிட்டாங்க. எனக்கு நெனப்பே இல்லாம உப்பில்லாத கொழம்பை ஊத்திப்போட்டேன். வாங்கு வாங்குன்னு வாங்கிப்போட்டாரு."

அந்தப் பக்கம் என்னவோ கேட்டார்கள் போல. அவள் குரல் இறங்கியது.

"எதுக்குக்கா சொல்லோணும்? பையன் இன்னமும் தன்ற கைப்பக்குவத்துலதான் சாப்புடறான்னு அந்தம்மாளுக்கு ஒரு சந்தோசம். அதைப் புடுங்கி நான் என்ன பண்ணப்போறேன்?"

ஆறுச்சாமி அன்றைக்கு டீகூடக் குடிக்காமல் திரும்பினார். வீட்டுக்கு வந்து ஒரே மூச்சில் எழுதினார். மருமகளை உருகி உருகி எழுதினார். மாமியாரையும் போனால் போகிறதென்று மன்னித்தார். புருசனை மட்டும் விடவில்லை. பக்கத்தில் இருப்பவள் மனசு தெரியாத மரமண்டை என்று வெளுத்து வாங்கினார். கோமதி கொண்டுவந்து வைத்த காபி ஆறிப்போனதுகூட அவருக்குத் தெரியாது.

"இப்பத்தாங்க உங்க மனுசங்க பேசறாங்க" என்றார் ஆசிரியர்.

தீபாவளி மலர் கடைக்கு வந்த பிறகுதான் ஆறுச்சாமிக்கு அந்தப் பெண்ணின் நினைவு வந்தது. பேரை மாற்றியாச்சு, ஊரை மாற்றியாச்சு. அந்த உப்பை எப்படி மாற்றுவது? அவள் படித்தால் ஒரே வரியில் கண்டுபிடித்துவிடுவாளே. பஸ் பக்கமே போகாமல் இருந்தார்.

எரிந்துபோன தோப்பு மோட்டாருக்குப் புதுக் காயில் கட்ட ஒருநாள் பொள்ளாச்சி போய்த்தான் ஆகவேண்டியிருந்தது. பின் சீட்டில் அவள் வந்து உட்கார்ந்தாள். கையில் தீபாவளி மலர்.

"ஏனுங்க, இந்தக் கதை எழுதுனது நீங்கதானுங்களே?"

ஆறுச்சாமி திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"தப்புத்தான் அம்மிணி. உன்ற குடும்ப விசயத்தை நான் எழுதியிருக்கக் கூடாது. உங்க மாமியா படிச்சுப்போட்டாங்களா?"

"எனக்கேதுங்க மாமியா? இன்னும் கல்யாணமே ஆகலீங்க."

"அப்ப போன்ல பேசுனதெல்லாம்?"

"இதுல சிம்மே கெடையாதுங்க. உங்க ஊட்டுப் பழைய போனுதான், பாருங்க." நீட்டினாள். ஓரம் உடைந்த அவருடைய பழைய போனேதான். "நான் செல்வலட்சுமிங்க. கோமதியக்காவும் நானும் ஒரே குடும்பஸ்ரீ மகளிர் குழுங்க. 'எஞ்சொல்லு அவரு காதுல ஏறாது கண்ணு, பஸ்ஸுல ஆராச்சும் பேசுனாத்தான் ஏறும். சத்தமாப் பேசு'ன்னு அக்காதான் எல்லாம் சொல்லிக் குடுத்தாங்க."

ஆறுச்சாமி போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூடவே இருக்கும் அம்மா ஜானகியம்மாள் குமுளியில் மகள் வீட்டுக்குப் போயிருந்த வாரம் நினைவுக்கு வந்தது. ஆசிரியர் போன் பண்ணிய அன்று பாதியில் விட்டு எழுந்த சோறும் நினைவுக்கு வந்தது. உப்பு எங்கே என்று அன்றைக்கு அவர் போட்ட சத்தம் எல்லையில் இருக்கும் கோபாலபுரம் செக்போஸ்ட் வரை கேட்டிருக்கும்.

செல்வலட்சுமி மலரை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"கதை நல்லா இருந்துதுங்க. அக்காவும் படிச்சாங்க. அந்தப் புருசனை மட்டும் நேர்ல பாத்தாப்பல எழுதியிருக்கீங்கன்னு சொல்லச் சொன்னாங்க."