கல் பார்க்கப் போன இடத்தில்

கல்லைப் பார்க்க எதற்குப் பட்டுச்சேலை? ஹட்டனில் வாடகைக் கார் கிளம்பியதிலிருந்து ஜெயலெட்சுமி இதையே நினைத்து உள்ளுக்குள் கொதித்துக்கொண்டு வந்தாள். முன் சீட்டில் இருந்த அப்பா சுந்தரலிங்கம் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

தேயிலைத் தோட்டத்தின் உச்சியில், கொழுந்து நிறுக்கும் கொட்டகையாக இருந்த பழைய மடுவத்தைத் தோட்டத்துத் துரை ஒரு காட்சிசாலையாக மாற்றியிருந்தார். புதுத் தேயிலை நட மலையை வெட்டியபோது கிடைத்த ஆதி மனிதர்களின் கல்லாயுதங்கள் அங்கே கண்ணாடிப் பெட்டிகளில் இருந்தன. ஹட்டன் பஜார்க்காரர் யாரும் எட்டிப் பார்க்காத இடம். அந்த ஒன்றிலேயே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

வீட்டில் வைத்துப் பெண் பார்த்து, அது கூடிவராமல் போனால் கடைத்தெரு முழுக்கப் பேசும். அதனால் பஜார்க் குடும்பங்கள் பெண்ணை எங்காவது சுற்றிப் பார்க்க என்று கூட்டிப் போகும். அங்கே மாப்பிள்ளை வீட்டார் தற்செயலாக வந்து நிற்பார்கள். பக்கத்துக் கடை நாகலெட்சுமி போன மாதம் இறம்பொடை அருவி பார்க்கப் போனவள், நிச்சயதார்த்தத்தோடுதான் திரும்பினாள்.

காரை விட்டு இறங்கும்போது கேட்டே விட்டாள். "அடுத்த மாசம் நான் யாழ்ப்பாணத்துக்கு டீச்சர் டிரெய்னிங் போறேன். நீங்கதானப்பா சம்மதிச்சீங்க?"

"யாரும்மா இல்லேன்னா? வா, வா, மழை வரப்போவுது" என்றார் அப்பா. வானத்தில் ஒரு மேகம் இல்லை. தீபாவளிக்குக்கூட மாற்றாத மேல்துண்டை மாற்றி, சரிகைக்கரைத் துண்டு போட்டிருந்தார்.

அவள் நினைத்தது சரியாகவே இருந்தது. உள்ளே முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண்ணும், கோட்டுப் போட்ட ஓர் இளைஞனும் நின்றிருந்தார்கள்.

"அட, நீங்களா!" அப்பாவுக்கு நடிப்பு சுத்தமாக வரவில்லை. "மஸ்கெலியாக்காரங்கம்மா, தெரிஞ்சவங்க. இவுங்க அன்னம்மா. இது அவுங்க தம்பி முத்துலிங்கம்."

ஜெயலெட்சுமி வணக்கம் சொல்லவில்லை. நேராகக் கண்ணாடிப் பெட்டிகளின் பக்கம் போய் நின்றாள்.

காவல்காரர் மாயாண்டி உற்சாகமாக ஆரம்பித்தார். "இதுக அம்பு முனைங்க. இரும்பையே பாக்காத ஆளுங்க செஞ்சது. இந்தப் பொட்டியில இருக்கறது அவுங்க அடுப்பு. சாம்பல்கூட அப்படியே இருக்கு பாருங்க."

"அந்தக் காலத்துலயும் பொண்ணு பாக்குற வழக்கம் உண்டாண்ணே?"

மாயாண்டி தலையைச் சொறிந்தார். "அத தொரை சொல்லலைங்களே."

"குடுத்து வச்சவளுக!" என்றாள், எல்லோர் காதிலும் விழும்படி.

அப்பா தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார். முத்துலிங்கமோ அவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் தலையிலிருந்து செருப்பு வரை அளந்துகொண்டிருந்தான். பெண் எப்படி இருந்தால் இவனுக்கென்ன, மாமனார் எவ்வளவு சீர் செய்வார் என்பதுதான் இவன் கவலை போலிருக்கிறது என்று அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

அன்னம்மா மெதுவாக அவள் பக்கத்தில் வந்து நின்றாள். வருங்கால நாத்தனாரின் விசாரணை தொடங்கிவிட்டது.

"வீட்டுல சமையல் யாரும்மா?"

"அடுப்புதான்."

"காலையில சீக்கிரம் எந்திரிச்சிருவியா?"

"தூக்கம் கலைஞ்சா எந்திரிப்பேன்."

அன்னம்மாவுக்குக் கோபம் வரவில்லை. லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் ஜெயலெட்சுமியால் தாங்க முடியாததாக இருந்தது.

"யாழ்ப்பாணம் போறது முடிவாயிருச்சா?"

"உங்க தம்பி குறுக்க படுத்தாலும் தாண்டிப் போவேன்."

அன்னம்மா ஒரு கணம் புரியாமல் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்கம்மா நகையெல்லாம் உன்கிட்டத்தானே இருக்கு?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான். அம்மா இறந்துபோன நாளிலிருந்து அந்த நகைப்பெட்டியை அப்பாகூடத் தொட்டதில்லை. கண்ணாடிப் பெட்டி அதிர ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள் ஜெயலெட்சுமி. மாயாண்டி பதறி ஓடி வந்தார்.

"பொட்டிக்குள்ள வச்சுப் பொரட்டிப் பாக்க நான் என்ன கல்லா? எங்கம்மா நகை மேல கண்ணு வச்சுக்கிட்டுத்தான் மஸ்கெலியாவுல இருந்து வந்தீங்களா?"

"ஜெயா!" என்றார் அப்பா.

"நீங்க பேசாதீங்கப்பா! படிக்க அனுப்புறேன்னு சொல்லிட்டு முதுகுக்குப் பின்னால இந்த வேலையா? எல்லாரும் கேட்டுக்கங்க. இந்தக் கல்யாணத்துக்கு நான் சம்மதிக்க மாட்டேன். இன்னைக்கில்ல, என்னைக்கும் மாட்டேன். உங்க வீட்டு ஆளுங்க யாரும் எங்க வீட்டுப் படி ஏறக் கூடாது!"

மடுவத்தின் தகரக் கூரைக்குக் கீழே அவள் குரல் திரும்பி வந்து அடங்கியது. அப்பா சுவரோரம் கிடந்த பலகையில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு பெரிய மனிதரை அப்படி அவள் பார்த்ததே இல்லை.

முத்துலிங்கத்தின் முகம் சிவந்துவிட்டது. "நான் அப்பவே சொன்னேனே, கேட்டியாக்கா? போதும், வா, போவோம்" என்று அன்னம்மாவின் கையைப் பிடித்து இழுத்தான்.

அவள் நகரவில்லை. கண் நிறைந்திருந்தது. ஆனாலும் ஜெயலெட்சுமியின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"தம்பிக்காக வரலம்மா... உங்க அப்பாவை நான் கட்டிக்க உனக்குச் சம்மதமான்னு கேக்கத்தான் வந்தேன்."